கன்னையா அப்புவின் காசுப் பேச்சு

பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று இங்கிலீஷில் கேட்கச் சொன்னால் கன்னையா அப்பு முழிப்பார். தன் பெயரைச் சொல்லக்கூட அந்த மொழியில் அவரிடம் வாக்கியம் கிடையாது. ஆனால் காசைப் பற்றி என்றால், நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கிய துரை பேசுகிற மாதிரிப் பேசுவார்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, பிறகு சமையற்காரராகி, அங்கேயே நரைத்தவர் அவர். பங்களாச் சமையற்காரரை எங்கள் பக்கம் அப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர், பறங்கித் துரை ஒருவர், அப்புறம் சிங்களத் துரைமார் என்று பலருக்குச் சமைத்துப் போட்டிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாம் காதால் பிடித்ததுதான்.

தொழில் பழக வந்த ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரை, மாதக் கடைசியில் காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டி "ஸ்டோனி புரோக், அப்பு" என்பாராம். கையில் ஒரு சதமும் இல்லை என்று அர்த்தம். விருந்துக்கு வந்தவர்கள் புறப்படும்போது நோட்டை நீட்டி "கீப் த சேஞ்ச்" என்பார்கள். மிச்சத்தை நீயே வைத்துக்கொள். இரத்தினக்கல் வாங்க வந்து பங்களாவில் தங்கிய ஒருவர், ஒரு நீலக்கல்லை மேசையில் வைத்து "காஸ்ட் எ பாம்" என்று பெருமூச்சு விட்டாராம். அவ்வளவு விலை. பங்களாச் செலவுக்குக் கொடுக்கப்படும் பணத்தைத் துரைமார் "சிக்கன் ஃபீட்" என்பார்கள், கோழிக்குத் தூவுகிற தீனி அளவு என்று. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நாங்கள் கை கடிக்குது என்போம், கையில ஓட்டம் இல்ல என்போம். அவர்களுக்கும் அதே கஷ்டத்துக்கு வேறு சொற்கள் இருந்தன, அவ்வளவுதான்.

மற்ற பேச்செல்லாம் ஒட்டாமல் காசுப் பேச்சு மட்டும் எப்படி ஒட்டியது என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

"மத்ததையெல்லாம் சாதாரணமாத்தான் பேசுவாங்க ஆயம்மா. காசுன்னு வந்தா ஒண்ணு கொரல எறக்குவாங்க, இல்ல சிரிப்பாங்க. ரெண்டுக்கும் காது தானாப் போகுமே" என்றார்.

நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், ஆயாவாக இருந்தவள். அதனால் எல்லோருக்கும் ஆயம்மா.

அவர் சமைத்தது கடைசியாக ஒரு சிங்களத் துரைக்கும் நோனாவுக்கும். துரையின் மனைவியை எங்கள் பக்கம் நோனா என்போம். சந்தை நாளில் அப்பு பெல்மதுளைக்குப் போய் வந்து கூடையைக் குசினி மேசையில் கவிழ்ப்பார். நோனா ஒவ்வொன்றாகத் தூக்கி விலை கேட்பார். அப்பு சொல்லுவார். மீனோ, போஞ்சிக்காயோ, எந்த விலையைச் சொன்னாலும் நோனா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு "டேலைட் ராபரி!" என்பார். பட்டப்பகல் கொள்ளை என்று பொருள். அப்புவும் அதே ராகத்தில் நெஞ்சில் கையை வைத்து "டேலைட் ராபரி, நோனா!" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அப்பு களவெடுக்கிறவர் இல்லை என்று நோனாவுக்குத் தெரியும். அது அப்புவுக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் காலை வணக்கம் மாதிரி அது. வருஷக்கணக்காக நடந்தது.

தொண்ணூற்றிரண்டில் தோட்டங்களை அரசாங்கத்திடமிருந்து கம்பனிகள் எடுத்தன. கொஞ்ச நாளில் அந்தத் துரையும் நோனாவும் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர் காஸ் அடுப்பையும் சொந்தச் சமையற்காரனையும் கூடவே கொண்டுவந்தார். அப்புவைத் தேயிலைத் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கப் போட்டார்கள். பென்ஷன் வயது வரும்வரை அங்கே கூட்டினார். அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. மாத நடுவில் சம்பள அட்வான்ஸ் கொடுக்கிற நாளில் லயத்து வாசலில் நின்று, வருகிறவர்களை மறித்துப் பேச்சுக் கொடுப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"அப்பு, இந்த மாசம் அட்வான்ஸ் எப்பிடி?"

"சிக்கன் ஃபீட்!"

"அப்ப எங்க வீட்டுக் கோழிக்குப் போட்டுறவா?"

"போடு புள்ள. அதாச்சும் முட்டை போடும். நீ என்ன போடப்போற?"

பெண்கள் சிரித்துக்கொண்டே ஏசுவார்கள்.

மனைவி முன்பே இறந்துவிட்டாள். மகள் கிருஷ்ணகுமாரி எஹலியகொடப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மகன் சுரேந்திரன் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவான். வீட்டில் அப்புவோடு இருந்தது மருமகள் சுகந்தினியும் அவளுடைய சின்ன மகளும். சுகந்தினி கொழுந்தெடுக்கிறவள். வாய் குறைவு, கை கூடுதல். மாமனாரும் மருமகளும் ஒத்துப்போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் பென்ஷன் காசில் மிச்சத்தை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அது அங்கே இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பூட்டுக் கிடையாது.

இரண்டாயிரத்து மூன்றில், மே மாதத்துப் பெருமழை ஓய்ந்து கொஞ்ச நாளில், அப்பு விறகு கட்டும்போது அப்படியே சரிந்தார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் ஒருபக்கம் இறங்கிவிட்டது. சுகந்தினி வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இரண்டு வாரத்துக்கு மேல் வார்டில் இருந்து வீட்டுக்கு வந்தார். உயிர் மிஞ்சியது, பேச்சு மிஞ்சவில்லை.

நான் அதற்கு முன்பே வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இரத்தினபுரியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். படுக்கையில் விழுந்தவர்களை எப்படித் திருப்புவது, எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படி ஊட்டுவது என்று சொல்லித் தந்தார்கள். லயத்தில் யாராவது விழுந்தால் போய்ப் பார்ப்பேன். அப்புவின் வீட்டுக்குத் தினமும் போனேன். முட்டுக்கொடுத்து நிமிர்த்தி உட்கார வை, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கு, சின்னக் கரண்டியால் நல்ல பக்கத்துக் கன்னத்துக்குள் வை, விழுங்கிய பிறகு அடுத்த வாய். சுகந்தினி ஒருமுறை பார்த்தாள், மறுமுறை அவளே செய்தாள். திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. படுக்கைப்புண் ஒன்றுகூட அவள் வர விடவில்லை. அதற்காக வேலைக்குப் போகாமல் பல நாள் பேரை இழந்தாள். எங்களுக்கு ஒரு நாள் வேலைக்குப் போனால் செக்ரோல் என்கிற வரவுப் புத்தகத்தில் ஒரு பேர் விழும். பேர் இல்லையென்றால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை.

ஒரு நாள் குரக்கன், அதாவது கேழ்வரகுக் கஞ்சியை அவர் முன்னால் வைத்தபோது, இடது கை மெல்ல எழும்பி நெஞ்சுக்கு வந்தது.

"டேலைட் ராபரி" என்றார். தெளிவாக, அந்தப் பழைய ராகத்தோடு.

சுகந்தினி கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "ஆயம்மா! மாமா பேசுறாரு!"

"பேசல. வாயில வருது. ரெண்டும் வேற" என்றேன்.

பயிற்சியில் இதைச் சொல்லியிருந்தார்கள். மூளையின் இடதுபக்கம் அடைபட்டால் சிலருக்கு நினைத்ததைச் சொல்ல வராது. தண்ணீர் வேண்டும், முதுகு வலிக்கிறது, அதெல்லாம் உள்ளேயே நின்றுவிடும். ஆனால் வருஷக்கணக்காக நாக்கில் உருண்டு தேய்ந்தது மட்டும் தப்பிவிடும். சிலருக்குத் தேவாரம், சிலருக்குக் கெட்ட வார்த்தை. இரத்தினபுரியில் நான் பார்த்த ஓர் ஐயாவுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது மட்டும் வந்தது. சோறு வேண்டுமா என்றால் எண்ணுவார். கன்னையா அப்புவுக்குத் தப்பியது குசினி மேசையில் விளையாடின காசுப் பேச்சு. சாப்பாடு எதை முன்னால் வைத்தாலும் அது வரும். நன்றி என்பதும் அதுதான், உப்பு இல்லை என்பதும் அதுதான். முகத்தைப் பார்த்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சுகந்தினி கண்டுபிடித்தாள். "சரி சரி மாமா, கொள்ளதான், இன்னொரு வாய் வாங்குங்க" என்று ஊட்டுவாள். அவர் முகத்தில் நல்ல பக்கம் சிரிக்கும்.

இப்படி இருக்கும்போது கிருஷ்ணகுமாரி வந்து சேர்ந்தாள்.

அப்பா விழுந்த அன்றே சுகந்தினி, எஹலியகொடப் பக்கம் போகிற பஸ் கண்டக்டரிடம் தகவல் சொல்லி அனுப்பியிருந்தாள். அது போய்ச் சேரவில்லை. சுரேந்திரன் அக்காவுக்குச் சொல்லியிருப்பான் என்று அவளும், அவள் சொல்லியிருப்பாள் என்று அவனும் இருந்துவிட்டார்கள். யாரோ கல்யாண வீட்டில் சொல்லித்தான் கிருஷ்ணகுமாரிக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற அப்பா விழுந்ததை மூன்றாம் மனிதர் வாயால் கேட்டவள் எந்த மனநிலையில் பஸ் ஏறியிருப்பாள் என்று யோசித்துக்கொள்ளலாம். அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் வந்த கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் தேடினாள். அது சுகந்தினியாகப் போய்விட்டது.

முதலில் பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தாள். காலி.

"அப்பா காசு எங்க?"

"செலவாயிருச்சு மைனி. வேனுக்கு, மருந்துக்கு, ஸ்கேன் எடுக்க இரத்தினபுரி போக வர, அந்த மெத்தைக்கு…"

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அந்த நேரம் பார்த்துச் சுகந்தினி சோற்றைக் குழைத்து அப்புவின் முன்னால் வைத்தாள். அப்பு அவள் முகத்தைப் பார்த்து, நெஞ்சில் கையை வைத்து, "டேலைட் ராபரி" என்றார். மத்தியானமும் சொன்னார். இரவும் சொன்னார். ஒவ்வொரு முறையும் சுகந்தினியைப் பார்த்துத்தான் சொன்னார், ஊட்டுகிறவள் அவள்தானே.

மறுநாள் காலை கிருஷ்ணகுமாரி கீழே பஜாருக்குப் போய், ஸஹாப்தீன் முதலாளியிடம் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறாள். முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கம் அண்ணன் முறையில் நானா என்போம்; ஸஹாப்தீன் நானா சில்லறைக் கடை வைத்திருப்பவர். ஒரு காலத்தில் கொழும்பிலிருந்து வரும் கல் வியாபாரிகளோடு சுற்றியதால் இங்கிலீஷ் பேசுவார். அவர் உள்ளதைச் சொன்னார்: பட்டப்பகலில் கொள்ளையடிக்கிறது.

அவள் திரும்பி வந்தபோது பீலியில் கூட்டம். தண்ணீர் பிடிக்கப் பெண்கள் வரிசையில் நிற்கிற நேரம். சுகந்தினியும் குடத்தோடு நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எங்கப்பா வாயத் தொறந்து சொல்றாரு, இவ கொள்ளக்காரின்னு. பட்டப்பகல்ல, படுத்துக் கெடக்கிற மனுசன்கிட்ட அடிச்சிருக்கா. நான் சொல்லல. அவரே சொல்றாரு!"

சுகந்தினி குடத்தைப் பீலியின் கீழ் வைத்தாள். குடம் நிரம்பும்வரை நின்றாள். தண்ணீரைக் கொண்டுபோய் வீட்டில் வைத்தாள். அப்புவைத் துடைத்து, உடுப்பு மாற்றி, திருப்பிப் படுக்க வைத்தாள். பிறகு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு பையோடு, பலாங்கொடைப் பக்கம் இருக்கிற அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள். நான் பாதையில் மறித்தேன்.

"கள்ளின்னு பேர் எடுத்த வீட்டுல என்னால ஊட்ட முடியாது ஆயம்மா. அவரு தொண்டையில அடைச்சாலும் நான் அடைச்சேன்னுவாங்க" என்றாள்.

அது நியாயமான பேச்சு. மறித்த கையை எடுத்துவிட்டேன்.

லயத்தில் ஒரு பெண்ணுக்குக் கள்ளி என்று பேர் விழுந்தால் அவளை யாரும் சீட்டில் சேர்க்க மாட்டார்கள், கல்யாண வீட்டில் சமையற்கட்டுக்குள் விடமாட்டார்கள். அவள் மகள் பெரியவளாகிப் பெண் பார்க்க வரும்போதும் யாராவது அதைச் சொல்வார்கள். அதனால் நான் நேரே கிருஷ்ணகுமாரியிடம் போனேன்.

"புள்ள, உங்கப்பா அத நெனச்சுச் சொல்லல. அது வியாதி" என்று விளக்கினேன்.

"நீங்க அவ பக்கம் ஆயம்மா. நான் அப்பாகிட்டயே கேட்டேன். 'சுகந்தினி காச எடுத்தாளா'ன்னு. தலைய ஆட்டுனாரு."

"அப்பிடியா? இரு." நான் அப்புவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன். "அப்பு, நீங்க பொம்பளையா?"

அப்பு தலையை ஆட்டினார், ஆமாம் என்று.

"உங்களுக்கு நாளைக்குக் கல்யாணமா?"

அதற்கும் ஆட்டினார், மரியாதையாக.

பயிற்சியில் சொல்லித் தந்த கேள்விகள்தான் அவை. கேட்டது விளங்கியதா என்று பார்க்க அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் கிருஷ்ணகுமாரிக்குக் கண் சிவந்துவிட்டது.

"எங்கப்பாவ வச்சு நக்கல் பண்றீங்களா? பங்களாவுல பெரிய பெரிய ஆளுக்கெல்லாம் சமைச்சுப் போட்ட மனுசன் அவரு!"

சொல்லி விளங்க வைக்க முடியாது என்று தெரிந்தது. நான் எழுந்தேன்.

"சரி. இப்ப ஊட்டுற நேரம். கரண்டி அங்க இருக்கு. ராத்திரி ரெண்டு தடவ திருப்பிப் படுக்க வைக்கணும். காலையில வெளிக்குப் போனாரான்னு பாக்கணும். எதுக்கும் கைவேல தெரியலன்னா கூப்புடு. நான் பக்கத்துலதான் இருப்பேன், ஆனா செய்ய மாட்டேன்."

"என் அப்பாவ எனக்குப் பாக்கத் தெரியும்."

"தெரியணும்" என்றேன்.

முதல் நாள் இரவு மூன்று முறை கூப்பிட்டாள். ஆளைத் திருப்ப முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்பு போய்விடும். முழங்காலை மடித்து, தோளையும் இடுப்பையும் சேர்த்து உருட்ட வேண்டும். அதைக் காட்டிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் சோறு ஊட்டும்போது புரையேறி அவள் பயந்து அழுதாள். குழைவு போதாது என்று சொன்னேன். அவள் கெட்டிக்காரி. ரப்பர்ப் பால் வெட்டுகிற கை; சீக்கிரம் பழகியது. அப்பாவின் கால் நகத்தை வெட்டினாள், தாடியை மழித்தாள். அடைமழையில் ரப்பர் மரத்தில் வேலை நடக்காதென்று புருஷனும் வரச்சொல்லி அவசரப்படுத்தவில்லை.

சுரேந்திரனுக்கு ஸஹாப்தீன் நானாவின் கடையிலிருந்து போன் போட்டோம். "அக்காவும் அவளும் பேசித் தீத்துக்கட்டும் ஆயம்மா, நான் ரெண்டு பக்கமும் என்னத்தச் சொல்ல" என்றான். ஆம்பிளைகள் அநேகமாக அப்படித்தான். காசு மட்டும் அனுப்பினான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த முதல் சில நாள் அப்பு மகளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஊட்டுகிற பதற்றத்தில் அவருக்கும் பதற்றம். வாயைக்கூட ஒழுங்காகத் திறக்கவில்லை. கிருஷ்ணகுமாரி அதைத் தனக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டாள். "பாத்தீங்களா, என்கிட்ட சொல்லல. கள்ளி போனதும் நிறுத்திட்டாரு" என்று பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த வீட்டில், சொன்னாள்.

பிறகு ஒரு மத்தியானம். கை பழகிவிட்டது, பதற்றம் போய்விட்டது. அவள் நெத்தலிக் கருவாட்டைப் பொடித்துப் பருப்போடு குழைத்து, மணமாகக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அப்பு தட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கை எழும்பி நெஞ்சுக்கு வந்தது.

"டேலைட் ராபரி!"

அவள் கையில் தட்டோடு அப்படியே இருந்தாள். நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அப்பா… நான் என்னப்பா எடுத்தேன்?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்து காத்திருந்தார். பசி.

ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊட்டினாள். முடிந்து கை கழுவும்போதும் என் பக்கம் திரும்பவில்லை.

அன்று பின்னேரம் ஸஹாப்தீன் நானா மழையில் குடையோடு ஏறி வந்தார். பீலியில் நடந்தது கடை வரைக்கும் போயிருந்தது. தான் சொன்ன அர்த்தத்தில் ஒரு குடும்பம் பிரிந்தது அவருக்கு உறுத்தியிருக்கிறது. அப்புவுக்கு ஒரு பெட்டி பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். பிரித்துத் தட்டில் வைத்து, பிளேன்டீயில் நனைத்து நீட்டினார்.

அப்பு முதலாளியை உற்றுப் பார்த்து, நெஞ்சில் கையை வைத்து, முழு ராகத்தோடு சொன்னார்.

ஸஹாப்தீன் நானாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "யா அல்லாஹ். அப்ப நானும் கள்ளனா மகள்? இது நான் சும்மா கொண்டாந்த பிஸ்கட்!"

கிருஷ்ணகுமாரி சிரித்துவிட்டாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது.

"நீங்கதானே முதலாளி சொன்னீங்க, கொள்ளன்னு."

"நீங்க கேட்டது அந்தச் சொல்லு. நான் சொன்னன். யாரு, எப்ப, எந்த மொகத்தோட சொன்னதுன்னு நீங்களும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல. அந்த நோனாட்ட இவரு இதச் சொல்லிச் சிரிக்கிறத நானே சாமான் கொண்டு போன நேரம் பங்களாவுல கண்டீக்கன். அது நெனவு வந்தீக்கணும் எனக்கு."

அவர் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். "டின்னுல இருந்த காசு?" என்று மட்டும் கேட்டாள்.

"வேன்காரனக் கேளு. மெத்த வித்த கடையக் கேளு. இல்ல உன் அப்பா முதுகப் பாரு. இத்தன நாளா படுத்துக் கெடக்கிறவருக்கு ஒரு புண்ணு இருக்கா? அது அந்தக் காசுதான்" என்றேன்.

மறுநாள் அப்புவைப் பக்கத்துக் காம்பராவில் ஒப்படைத்துவிட்டு இருவரும் பலாங்கொடைப் பஸ் ஏறினோம். சுகந்தினியின் அம்மா வீடும் லயம்தான். சுகந்தினி வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழும்பவில்லை, சீப்பையும் நிறுத்தவில்லை.

"தப்பாப் பேசிட்டேன் சுகந்தினி. வீட்டுக்கு வா" என்றாள் கிருஷ்ணகுமாரி.

"இங்க வந்து சொல்றீங்க மைனி. எங்கம்மாவுக்கு நான் கள்ளி இல்லன்னு முன்னயே தெரியும்."

"அப்ப என்ன செய்யணும்ங்கிற?"

"நீங்க எங்க வச்சுச் சொன்னீங்க?"

அது பெரிய கேள்வி என்று எனக்குப் புரிந்தது. பீலியில் சொன்னதைப் பீலியில்தான் எடுக்க வேண்டும். வீட்டுக்குள் கேட்கிற மன்னிப்பு லயத்துக்குப் போகாது. பேர் மட்டும் அங்கேயே நிற்கும். ஆனால் வாழ்க்கைப்பட்டுப் போன மகள், பிறந்த தோட்டத்தில் தலை நிமிர்ந்து வந்து போகிறவள், அத்தனை பேர் முன்னால் தன் வாயைத் தானே திருப்பி எடுப்பதும் லேசு இல்லை. அவள் அதைச் செய்வாளா என்று எனக்குத் தெரியவில்லை. சுகந்தினி வருவாளா என்றும் எனக்குத் தெரியாது. வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடிகாலை கிருஷ்ணகுமாரி குடத்தோடு பீலிக்குப் போனாள். நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கூட்டம் சேரும்வரை வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் தண்ணீரைப் பிடிக்காமல் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நான் இந்த எடத்துல ஒண்ணு சொன்னேன். அது பொய்யி. எங்கப்பா யாரையும் கள்ளின்னு சொல்லல. அவருக்கு வாயில வர்றது அது மட்டுந்தான். எனக்கும் சொன்னாரு, முதலாளிக்கும் சொன்னாரு. டின்னுல இருந்த காசு அவருக்கே செலவழிஞ்சுது. சுகந்தினி ஒரு சதம் எடுக்கல. தப்பு என்னுது."

வரிசைக் கடைசியிலிருந்து வெள்ளையம்மா, எங்கள் லயத்தில் நாக்குக்குப் பேர் போனவள், குரல் கொடுத்தாள்.

"கேட்டுச்சுடி. சரி, சொல்லி முடிச்சாச்சுன்னா கொடத்த எடு. பெரட்டுல பேர் குடுக்க நேரமாவுது, எங்க பேரயும் சேத்து வெட்டிருவாங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒருத்தி கிருஷ்ணகுமாரியின் குடத்தை எடுத்துத் தானே பீலியின் கீழ் வைத்தாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது. எங்கள் லயத்தில் பெரிய விஷயங்கள் இப்படித்தான் முடியும்.

செய்தி மத்தியானத்துக்குள் பலாங்கொடைக்குப் போயிருக்க வேண்டும். எப்படிப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் சுகந்தினி பிள்ளையும் பையுமாகப் படியேறி வந்தாள். கிருஷ்ணகுமாரி வாசலில் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிருஷ்ணகுமாரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுகந்தினி முந்திக்கொண்டாள்.

"மாமா வெளிக்குப் போனாரா?"

"ரெண்டு நாளாப் போகல."

"பப்பாசிப் பழம் குடுத்தீங்களா?"

"இல்லியே."

"பின்ன எப்பிடிப் போவாரு?" பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையை இறக்கி விட்டாள். "பின்னால மரத்துல ஒண்ணு பழுத்திருந்துச்சு, அணில் தின்னுருச்சான்னு பாத்துட்டு வர்றேன். நீங்க தண்ணிய சூடு வையுங்க."

கிருஷ்ணகுமாரி பையை உள்ளே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.